வெர்லினின் சட்டைப்பையில் ஒரு தகரக் கரண்டி

"என் கையால மூடின எஞ்சின்ல ஒரு வாஷர்கூட வெளிய நின்னது கிடையாது. இனிமேலும் நிக்காது. நாளைக்கு என்னைப் பெட்டியில வெச்சு மூடுறவன் வேணும்னா எதையாவது விட்டுட்டு மூடட்டும்!"

மாவட்டக் கண்காட்சியில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி வெர்லின் ஹாக்பெர்க் இப்படி முழங்கியபோது, சோளக்கதிருக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். வெண்ணெய்க் கையோடு தட்டியதால் சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வந்தது. வெர்லினின் காதில் அது இடியாக விழுந்தது.

வடக்கு அயோவாவில் எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரின் பெருமையை அளக்க வேண்டுமென்றால், அவர் கொட்டகையில் எத்தனை பழைய தோட்ட டிராக்டர் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்போம். கன்றுக்குட்டி உயரம், ஒற்றை சிலிண்டர். கோடையில் புல் வெட்டும், பனிக்காலத்தில் பனி தள்ளும். தாத்தா காலத்து வண்டி என்றால் மதிப்பு இன்னும் கூடும். வெர்லினிடம் ஓடுகிறவையும் ஓடப்போகிறவையுமாக ஒரு மந்தையே இருந்தது. பகலில் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுவார். மற்ற நேரமெல்லாம் கொட்டகையில் கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருப்பார். சிறுவயதில் அப்பாவின் புல்வெட்டியைப் பிரித்துவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் சாக்கில் கட்டிக் கொடுத்தார் என்று அவருடைய அக்கா சொல்வதுண்டு. தம் வரலாற்றிலிருந்து அந்த அத்தியாயத்தை வெர்லின் நீக்கிவிட்டார்.

அன்று நடந்தது பிரித்துப் பூட்டும் போட்டி. ஊரில் படுத்துவிட்ட டிராக்டர்களின் எஞ்சின்களை எங்கள் டிராக்டர் சங்கத்தார் இறக்கிக் கொண்டுவந்து, இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். கடைசி போல்ட்வரை பிரிக்க வேண்டும். துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மூடி, நடுவர் முன்னால் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் ஓட்டிக் காட்டுகிற ஜோடிக்குக் கோப்பை. போன வருஷம் ஆரின் ஸ்வென்சன் என்ற சாது மனிதர் ஒரு ஸ்பிரிங்கை மேசைமேல் மிச்சம் வைத்துவிட்டார். அந்தக் கதையை வெர்லின் காபிக்கடையில் சொன்னார், தானியக் கிடங்கில் சொன்னார், ஆரின் மகளின் கல்யாண விருந்திலும் நடித்துக் காட்டினார். ஆரின் அப்புறம் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷம் வெர்லினுக்கும் அவர் மச்சான் டெல்பர்ட்டுக்கும் வாய்த்தது ஆர்டித் என்ற மூதாட்டியின் டிராக்டர் எஞ்சின். ஜெயித்தார்கள். முழக்கமும் முடிந்தது. சாசேஜ் ரொட்டியைத் தின்று முடித்து, பல்குச்சி தேடிச் சட்டைப்பையில் விரலை விட்டார் வெர்லின். விரலில் ஏதோ தகரம் இடறியது.

பார்க்காமலே தெரிந்துவிட்டது. தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாகப் பையில் போட்டது அவரேதான்.

அந்தக் கால எஞ்சினில் ஆயிலுக்குப் பம்பு கிடையாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் காலடியில் சுண்டுவிரல் அளவு தகரக் கரண்டி ஒன்று இருக்கும். சுற்றுக்குச் சுற்று அடியில் கிடக்கும் ஆயிலை அள்ளி மேலே தெளிக்க வேண்டியது அதன் வேலை. கரண்டி இல்லாமலும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஜோராக ஓடும். நடுவரை ஏமாற்ற அது போதும். ஒரு முழு வேலைக்கு ஓட்டினால் உள்ளே சூடேறி இரும்போடு இரும்பு கட்டிக்கொள்ளும். பிறகு பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெர்லின் அதைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சாசேஜ் ரொட்டி கேட்டார்.

ஆர்டித் ஸ்கோக்லண்ட் எழுபதைத் தாண்டிய விதவை. லூத்தரன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வாராவாரம் புல் வெட்டுவது அவர். யாரும் அவரை நியமிக்கவில்லை, யாருக்கும் அவரை நிறுத்தும் தைரியமும் இருந்ததில்லை. கணவர் படுத்திருக்கும் இடத்தையும், அதை அடுத்துத் தமக்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்டுவார். டிராக்டர் தேவாலயத்து ஷெட்டில் நிற்கும். ஷெட் சாவி அவர் பையில் இருக்கும்.

கண்காட்சி முடிந்ததும் சங்கத்தார் எஞ்சினை வண்டியில் திரும்பப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஆர்டித் ஷெட் கதவைத் திறக்கும்போது வெர்லின் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஆர்டித், ஸ்டார்ட் பண்ணிடாதீங்க!"

"ஏம்ப்பா? புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குது."

"புதுசாப் பூட்டின எஞ்சின். கொஞ்ச நாள் செட்டாகணும்."

"எங்க வீட்டுக்காரர் செட்டாகட்டும்னு நான் காத்திருந்தேன் பாரு, ஆயுசுக்கும். கடைசியில அங்க போய்த்தான் செட்டானார்." ஆர்டித் கல்லறைப் பக்கம் மோவாயைக் காட்டினார். "அதுவரைக்கும் யார் வெட்டுறது?"

"நான் வெட்டுறேன். என் வண்டியில."

"நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க உக்காந்து பாருங்க."

ஆர்டித் உட்காரவில்லை. வெர்லின் விட்டுவிட்டுப் போன புல்லை எல்லாம் கத்தரியால் வெட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் ரகசியமாகத் திறந்து கரண்டியை மாட்டிவிடலாம் என்றுதான் வெர்லினின் திட்டம். அந்த வாரமே டிரெய்லரோடு வந்து, சும்மா ஒருதரம் பார்த்துத் தருகிறேன் என்றார்.

"கோப்பை வாங்கின எஞ்சின்ல பாக்க என்னப்பா இருக்கு?" என்றார் ஆர்டித்.

"அதானே! அப்படி ஏதாவது பாக்கணும்னா நானும் வர்றேன் மச்சான்" என்று, வழியில் கூப்பிடாமலே ஏறிக்கொண்ட டெல்பர்ட் டிரெய்லரிலிருந்து குதித்தார். "நம்ம ரெண்டு பேர் கையும் பட்டது. நீ மட்டும் எப்படித் திறப்பே?"

டெல்பர்ட்டுக்குத் தெரிவதும் மாவட்டத்துக்குத் தெரிவதும் ஒன்றுதான். நடுவில் ஒரு காபி குடிக்கும் நேரம் வேண்டுமானால் இருக்கும். வெர்லின் வெறும் டிரெய்லரை ஓட்டிக்கொண்டு திரும்பினார்.

அதன் பிறகு வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் ஆர்டித் சாவியை எடுக்கும் முன்பே போய்ப் புல்லை வெட்டினார். ஒரு வாரம் காற்றில் ஈரம் என்றார். ஒரு வாரம் பெட்ரோல் சரியில்லை என்றார். ஒரு பொய்யை மூடுவதற்காக ஒருவர் வாராவாரம் வியர்வை சிந்துவதை ஊர் தியாகம் என்று எடுத்துக்கொண்டது. ஊரைக் குறை சொல்வதற்கில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பாஸ்டரம்மா பிரசங்கத்தில், சொல்லிக்கொள்ளாமல் செய்யும் அன்பைப் பற்றிப் பேசி, மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் வெர்லின் தம் ஷூவின் முனையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கரண்டி நெஞ்சில் குத்தியது. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வீட்டில் வைத்தால் மனைவி இது என்ன என்று கேட்பாள். ஆகவே சட்டை மாறும்போதெல்லாம் கரண்டியும் கூடவே மாறியது.

காபிக்கடையில் ஒருநாள் டெல்பர்ட் எல்லோர் முன்னாலும் கேட்டார். "மச்சான், கோப்பை வாங்கின வண்டி ஷெட்ல தூங்குது. நீ ஏன் வாராவாரம் மாரடிக்கிறே?"

வெர்லின் சர்க்கரையைக் கலக்கினார். அவர் சர்க்கரை போட்டுக் குடிப்பதே இல்லை. "பாவம், அவங்களால முன்ன மாதிரி முடியல. வண்டி நேராப் போக மாட்டேங்குது" என்றார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று உறைத்தது. மாவட்டத்திலேயே நேராக ஓட்டுகிறவரைப் பற்றிச் சொன்ன பொய். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் "அடப்பாவமே" என்று தலையாட்டினார்கள். அடுத்த மேசையிலிருந்து ஆரின் ஸ்வென்சன் எழுந்து வந்தார். ஸ்பிரிங் கதையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று வெர்லின் தயாரானார், அதைத் தாங்கியிருப்பார். ஆரின் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல காரியம் பண்றே வெர்லின்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று வெர்லின் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, வேலையிருப்பதுபோல் தம் பிக்கப் வண்டியில் ஏறி, எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

கோடை முடியும் ஒரு ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு எல்லோரும் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் காபியும் எலுமிச்சைக் கேக்குமாக நின்றிருந்தார்கள். பாஸ்டரம்மா ஒரு மரக்கேடயத்தைக் கொண்டுவந்து ஆர்டித் முன்னால் வைத்தார்.

"எத்தனையோ வருஷமா உழைச்சிட்டீங்க ஆர்டித். இனிமே ஓய்வா இருங்க. கல்லறைத் தோட்டத்தை வெர்லின் பாத்துக்குவார். ஷெட் சாவிய மட்டும் அவர்கிட்ட குடுத்துடுங்க."

"எனக்கு முடியலன்னு யார் சொன்னது?" என்றார் ஆர்டித்.

"மச்சான்தான் சொன்னான்!" வாயில் கேக்கோடு டெல்பர்ட் உதவிக்கு வந்தார். "உங்களுக்கு நேரா ஓட்ட வரலையாமே."

ஆர்டித் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வெர்லின் பிழைத்திருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்து சாவியை எடுத்துக் கேடயத்தின் பக்கத்தில் வைத்தார்.

"அவனுக்கு அப்படித் தெரிஞ்சா சரியாத்தான் இருக்கும். பெரிய மெக்கானிக். நான்தான் கவனிக்கல போல."

அவர் அதை நம்பிவிட்டார் என்பது வெர்லினுக்குப் புரிந்தது. சட்டைப்பையில் கைவிட்டு, கரண்டியைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க எஞ்சின்ல இருக்கவேண்டியது. மாட்டாம மூடிட்டேன். உங்களுக்கு நல்லா ஓட்ட வரும், ஆர்டித். எனக்குத்தான் சரியா மூட வரல."

டெல்பர்ட் குனிந்து பார்த்தார். "என்ன மச்சான் இது? ஐயையோ, ஆயில் கரண்டி! கோடை பூரா இதையா மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சே? உன் ஜோடின்னு என் பேரையும்ல கோப்பையில வெட்டி வெச்சிருக்காங்க!"

ஆர்டித் கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்போ செட்டாகணும்னது?"

"பொய்."

"ஈரம்? பெட்ரோல்?"

"எல்லாமே."

"எனக்கு நேரா ஓட்ட வரலைன்னது?"

"அதுதான் பெரிய பொய்" என்றார் வெர்லின்.

ஆர்டித் சாவியை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். கேடயத்தைப் பாஸ்டரம்மா பக்கம் தள்ளினார். "காபியக் குடிச்சிட்டு ஷெட்டுக்கு வா. ஸ்பானர் என்கிட்ட இருக்கு."

வெர்லின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ஷெட்டுத் தரையில் மண்டியிட்டார். சபையே காகிதக் கோப்பைகளோடு வாசலில் கூடிவிட்டது. ஆயிலை வடித்தார். எஞ்சினை இறக்கிக் கவிழ்த்தார். அடித்தட்டைக் கழற்றிக் கரண்டியை மாட்டினார். ஆர்டித் டார்ச் அடித்துத் தம் கண்ணால் பார்த்து, விரலால் அசைத்தும் பார்த்துத் தலையாட்டிய பிறகு, தட்டைப் போட்டு மூடி நிமிர்த்தினார். யாரும் கேலி பேசவில்லை. டெல்பர்ட்கூடக் குரலைத் தணித்துத்தான் பின்னால் வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்டித் ஆயில் டப்பாவைத் தூக்கினார். "ஊத்தட்டுமா?"

அப்போதுதான் வெர்லின் கீழே விரித்திருந்த துணியைப் பார்த்தார். அதன் மடிப்பில் ஒரு வாஷர் கிடந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஷூவை ஒரு விரற்கடை நகர்த்தினால் மறைந்துவிடும்.

"பொறுங்க" என்றார் மெல்ல. வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "ஒண்ணு மிச்சம்."

பிறகு ஸ்பானரை எடுத்து, மூடிய போல்ட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார்.