நான் வேகவைத்த மண்

சுத்தத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. ஓசூரில் மரக்கன்று வளர்க்கும் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். செருப்போடு உள்ளே வந்த மேலாளரையே ஒருமுறை வெளியே அனுப்பியிருக்கிறேன். என் அண்ணனுக்கு நான் செய்த துரோகம் அந்தத் திமிரில்தான் ஆரம்பித்தது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் அண்ணனுக்கு நிலம் இருந்தது. கேழ்வரகை யானை மிதித்து மிதித்து அலுத்துப்போய் அதில் தைல மரம் வைத்தார். சில வருடம் கழித்து, மழை பெய்ததும் மரத்தடியில் செங்கல் நிறத்தில் சின்னச் சின்னக் காளான்கள் வந்தன. அதன் பிறகு எந்த மழையிலும் தவறவில்லை. அது வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை, மண்ணிலிருந்து வேருக்குச் சத்து எடுத்துத் தரும், வேர் அதற்குச் சர்க்கரை தரும் என்று விளக்கினேன். "கூட்டுக் குடித்தனம்னு சொல்லு" என்றார் அண்ணன்.

பிறகு நிலம் ஒரு தொழிற்சாலைக்குப் போயிற்று. அண்ணனும் அண்ணியும் ஓசூரில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். மரங்களை வெட்டுவதற்கு முதல் நாள் அண்ணன் தனியாகப் போய், இரண்டு சாக்கு மண்ணும் ஒரு தூக்குவாளி காளானும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து என் ஆய்வக வாசலில் இறக்கினார்.

"ரெண்டு கன்னு வெச்சுக் குடு பாப்பா. அதுல காளான் வந்துச்சுன்னா, நெலம் நம்மகிட்டயே இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

காளானிலிருந்து பூஞ்சையைப் பிரித்து கண்ணாடித் தட்டில் வளர்த்தேன். கறையானும் புழுவும் நெளிந்த மண்ணை அப்படியே உள்ளே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் போட்டு, மூன்று நாள் திரும்பத் திரும்ப வேகவைத்தேன். மண் என்றால் முதலில் அதில் இருப்பதையெல்லாம் கொன்றுவிடுவதுதான் எங்கள் வேலையின் பழக்கம். ஒரு பிடியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஆறிய மண்ணில் பூஞ்சையைக் கலந்து, இரண்டு தொட்டிகளில் தைலக் கன்று நட்டேன்.

வேர்களில் பூஞ்சை வெள்ளையாக உறை போட்டது. தொட்டிகளை அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் வைத்தேன். மழை வந்தது, காளான் வரவில்லை. கன்று இன்னும் சின்னது என்றேன். அடுத்த வருட மழைக்குள் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றாகிவிட்டது. அந்த மழையிலும் வரவில்லை. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றேன். என் வாய்க்குக் காரணம் சொல்வதில் பஞ்சமே இல்லை.

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த விஞ்ஞானி, என்னைவிட வயதில் சின்னப் பெண், ஒரு சனிக்கிழமை என் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "மண்ண ஆட்டோகிளேவ் பண்ணிட்டீங்களா மேடம்?"

அவர் சொல்லித்தான் தெரிந்தது. பூஞ்சை வேரில் பிடிப்பது வேறு, காளானாக எழும்புவது வேறு. எழும்புவதற்குச் சில பூஞ்சைகளுக்கு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களின் துணை வேண்டுமாம். அவை என்ன செய்து எழுப்புகின்றன என்பது இன்னும் முழுசாகத் தெரியாதாம். அந்தத் துணை இல்லாவிட்டால் பூஞ்சை வேரோடு பிழைத்துக் கிடக்குமே தவிர, வெளியே தலைகாட்டாது. கூட்டுக் குடித்தனத்தில் பாதிப் பேரை நான் வேகவைத்துவிட்டேன்.

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அண்ணன் மொட்டைமாடியில், ஊசி குத்தி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் தப்பான எடத்துல மண்ணு வெட்டிட்டேன் போலக்குது பாப்பா. கீழ்மூலையிலதான் ஜாஸ்தி வரும். அவசரத்துல ரோட்டோரமா வெட்டிக்கினு வந்துட்டேன். நீ என்ன பண்ணுவே, பாவம்."

"இருக்கலாம்ணா" என்றேன். வெட்கக்கேடு, அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தை மாதம் அண்ணன் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு அண்ணன் வெட்டின இடத்தில் இல்லை, என்னிடம்தான் என்றேன். அண்ணி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப அவரு சும்மாதான் போனாரா?"

"எங்க போனாரு அண்ணி?"

"நீ வந்துட்டுப் போன அந்த வாரம். டயாலிசிஸ் முடிச்ச கையோட பஸ் ஏறி நம்ம நெலத்துல கட்டின கம்பெனி கேட்டுக்குப் போயிட்டாரு. கீழ்மூலையில ஒரு பை மண்ணு எடுத்துக்கறேன்னு வாட்ச்மேன்கிட்ட கன்னடத்துல கெஞ்சிருக்காரு. அங்க பூரா சிமெண்டு போட்டாச்சுன்னு அவன் உள்ள கூட்டிக்கினு போயே காட்டிட்டான். அப்பவும் சாயந்திரம் வரைக்கும் வெயில்ல நின்னுக்கினு இருந்தாராம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாரு, 'இத பாப்பாகிட்ட சொல்லாத. என்னால அதோட ரெண்டு வருச வேல வீணாப் போச்சுன்னு எனக்கே வெக்கமா இருக்குது'ன்னு."