பவர் கூடிய வாரம்

போன வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறேகால். உதியன்குளங்கரை ஜங்ஷனில், குழித்துறையிலிருந்து வரும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். அங்கே டீச்சர் டிரெயினிங் படிக்கிற என் மகள் லீலா தினமும் அதில்தான் திரும்புவாள். பஸ் வரவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மத்தியானம் தெக்க குழித்துறையில போலீஸ்காரனுவ துப்பாக்கியால வெடி வச்சிட்டானுவ. கூட்டத்துக்கு நேர ஆக்கும். இனி பஸ் ஒண்ணும் வராது."

தங்கப்பன் டீக்கடைக்குள் நுழைந்தேன். அங்கேதான் ரேடியோ உண்டு.

எல்லைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். முதலில் மலையாளச் செய்தி கேட்போம். பிறகு ரேடியோ முள்ளைத் திருப்பித் தமிழ்ச் செய்தி கேட்போம். ஒன்றில் அமைதி, மற்றதில் அட்டூழியம்... நடுவில் எங்கேயோ நிஜம் இருக்கும் என்று நாமாக முடிவு செய்துகொள்வோம். எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் இந்தக் கிளர்ச்சி நாட்களில் வேறு வழி?

ஆனால் அந்த வாரம்தான் மலையாள ஸ்டேஷன் தன் பவரைக் கூட்டியிருந்தது. மேலிடத்து அனுமதி பல காலம் இழுத்தடித்துக் கிடைத்ததாம். தங்கப்பன் அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஓசியில் பழம்பொரி, அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, கொடுத்தார். கரகரப்பு போயிற்றே!

மலையாளச் செய்தி வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவு. "ஸ்திதிகதிகள் சாந்தமாணு." நிலைமை அமைதி. அவ்வளவுதான்.

கடைப் பையன் முள்ளைத் திருப்பினான். தமிழ் ஸ்டேஷன் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. "குழித்துறையில் மாணவிகள் சிலர்..." — அதற்குமேல் மலையாள ஸ்டேஷனின் வயலின் வந்து ஏறிக்கொண்டது.

மாணவிகள் சிலர்... என்ன? என்ன ஆனார்கள்?

"எலே, மெள்ளத் திருப்பு!" என்று கத்தினேன்.

"திருப்பியாச்சு அண்ணாச்சி. எங்க போனாலும் அந்த வயலினுதான் நிக்கி."

"ஓய் தங்கப்பா, பவர் கூடுனதுக்குப் பழம்பொரி தந்தீரே... இப்பம் கேளும்!" என்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் குத்திக்காட்டினார்.

தங்கப்பன், எங்கள் ஊர் மலையாளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று என்னோடு தினமும் சண்டை போடுகிறவர். அவர்தான் ரேடியோவில் காதை ஒட்டவைத்து, என் மகளுக்காக அந்தத் தமிழைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. சத்தத்தை முழுசாகக் கூட்டிப் பார்த்தார். வயலின்தான் பெரிதாயிற்று.

பேசுகிறவருக்குப் பலம் கூட்டிக் கொடுக்க ஆபீஸ் உண்டு, ஃபைல் உண்டு, உத்தரவு உண்டு. நமக்கு வேண்டியது காதில் விழுவதற்கு எந்த ஆபீஸில் மனுக் கொடுப்பது?

நன்றாக இருட்டிவிட்டது. குளத்தூர் கடற்கரையிலிருந்து வரும் பாதையில் ஒரு பெண், தலையில் காலி மீன்கூடையோடு வந்தாள். குழித்துறைச் சந்தையில் மீன் விற்கிற லூர்து. ரோட்டைப் போலீஸ் மறித்ததும் கடலோரமாகவே நடந்து வந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு... லீலா!

ஓடினேன். அவள் உடம்பில் காயம் இல்லை. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்குள் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

லூர்து கூடையை இறக்கினாள்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டிய முதல்ல அணையும். வெடிச்சத்தம் கேட்டதுல இருந்து, பிள்ளைக்கு ஒரு சத்தமும் பொறுக்கல்ல."