தலையணைக்கு அடியில் இரும்பு

ஞானராஜ் ஐயாவை நான் முதலில் பார்த்தபோது அவர் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டுகொண்டிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், மகள் ஜெனிஷாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி இருந்தார். ஜன்னல் வழியாக வந்த வேப்பம்பூ ஒன்றிரண்டு அவர் தலையில் ஒட்டியிருந்தது. மகள் கஞ்சி குடித்தாளா என்று கேட்டேன்.

"ராஜஸ்தான்ல மணல் இப்படித்தான் சிஸ்டர், சத்தமே இல்லாம நகரும்" என்றார்.

நல்ல மனிதர்தான், கழன்ற கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். என் பெயர் பவுசியா. கோட்டைப்பட்டினத்துக்காரி. கடற்கரை ஆட்களுக்கு வாய் ஜாஸ்தி என்று இந்தப் புதுக்கோட்டை டவுனில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவருக்குச் சொந்த ஊர் ஆவூர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, டவுனில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் கன்மேனாக இருந்தார். சொந்த லைசென்ஸ், சொந்த ரிவால்வர். நகை வைக்க வருகிறவர்கள் மிரளக் கூடாதென்று அதைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த ரிவால்வர் இருக்கும்வரைதான் அவருக்கு அந்த வேலை. அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதால் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வெயிலில் மிதந்து போகும் தூசியைப் பார்த்துக்கொண்டே பாலைவனத்துக்குப் போய்விட்டு வருவாராம். யாராவது கதவைத் திறந்தால் மட்டும் திரும்பி வருவாராம்.

ஜெனிஷாவுக்குப் பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து தூக்கத்தில் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தது. பச்சைக் குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் என்று சொன்னேன். கேட்டால்தானே.

"கனவுல நரி வெரட்டுது. பக்கத்துல இரும்பு வேணும்" என்றார் ஜெனிஷாவின் மாமியார் ஜெபமாலையம்மாள்.

பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைப்பது இந்தப் பக்கத்தில் சாதி மதம் பார்க்காத வழக்கம். எங்கள் வீட்டிலும் என் உம்மா எனக்கு அரிவாள்மணை வைத்தார். ஜெபமாலையம்மாள் இடுப்பில் பாக்குவெட்டியோடு வந்திருக்கிறார். வாசலில் வாட்ச்மேன் பிடுங்கி வைத்துக்கொண்டான். போன மாதம் சொந்தக்காரர்களுக்குள் நடந்த அடிதடிக்குப் பிறகு கத்தி, கத்தரிக்கோல் எதுவும் உள்ளே வரக்கூடாதென்று உத்தரவு. அந்த அம்மா பொருமிக்கொண்டே, வேறு எதையாவது எடுத்து வருகிறேன் என்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அதே வாட்ச்மேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்மோடு மகளைப் பார்க்க வந்த ஞானராஜ் ஐயாவுக்கு சல்யூட் அடித்து உள்ளே விட்டான். பாக்குவெட்டி வெளியே, ரிவால்வர் உள்ளே. எங்கள் ஆஸ்பத்திரியின் லட்சணம் அது.

அவர் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் குழந்தை மறுபடி திடுக்கிட்டு அழுதிருக்கிறது. மனிதர் சட்டைக்குள் கைவிட்டு ரிவால்வரை எடுத்தார். தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ரிவால்வரைத் துண்டில் சுற்றி மகளின் தலையணைக்கு அடியில் வைத்தார். குழந்தை அமைதியாகத் தூங்கியதாம். ஊசி மருந்தை வாங்கிப் போகச் சொல்லி ஃபார்மசியிலிருந்து கூப்பிட்டபோது, அதை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் பெட்ஷீட் மாற்றப் போனேன்.

கத்தினேன். யாராக இருந்தாலும் கத்துவார்கள். டாக்டரம்மா ஓடிவந்து, அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போய், போலீசுக்குப் போன் போட்டார். ஒருவரும் அதைத் தொடத் துணியவில்லை. கடைசியில் நான்தான் துண்டோடு தூக்கி, பஞ்சு வைக்கும் ஸ்டீல் டிரேயில் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் திருமுருகன் வந்தார். காலி என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, அதற்குள் மேலே வந்திருந்த ஞானராஜ் ஐயாவின் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். துப்பாக்கியோடு போகக் கூடாத இடங்கள் என்று திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி எல்லாம் அதில் இருந்தது. ஆஸ்பத்திரி இல்லை.

"புறநோயாளிக் கூட்டமும் பொதுக்கூட்டம்தானே?" என்றார் டாக்டரம்மா.

"அது கூட்டம்மா. பொதுக்கூட்டம் இல்ல."

மேலே ஒருவருக்குப் போன் செய்தார். அவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அந்த இன்னொருவர், தனியார் ஆஸ்பத்திரி என்றால் துப்பாக்கி கூடாதென்று போர்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். வாசலில் போர்டு இருந்தது. எச்சில் துப்பாதே, செருப்பை வெளியே விடு என்றுதான் இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வேப்பம்பூ டிரேயில்கூட விழுந்தது. குழந்தை மட்டும் தூக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தது. ஞானராஜ் ஐயா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர்கள் பேசிய எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்தார். நானும் போனேன், நான்தானே சாட்சி.

"ஐயா, இங்க கேளுங்க. இடுப்புல வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள வரலாமா கூடாதாங்கிறது யாருக்குமே தெரியல. அதனால தப்பிச்சுக்கலாம். ஆனா லைசென்ஸ் இல்லாத ஒரு ஆளு தலைமாட்டுல வச்சிட்டுப் போனது சந்தேகமே இல்லாம தப்பு. லைசென்ஸ் போயிரும். குனியும்போது இடுப்புல இருந்ததை சிஸ்டர் பாத்துட்டாங்க, அவ்வளவுதான். தலையணைக்கு அடியில எதுவும் இல்ல. அப்படிச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

என்னையும் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அல்லா மன்னிக்கட்டும், அந்த மனிதருக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

ஞானராஜ் ஐயா வராந்தா வெயிலில் மிதந்த தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி மணலுக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நான் பார்டர்ல இருந்தப்பத்தான் சார் இவ பொறந்தா" என்றார். "இவ அம்மா பிரசவத்துலயே போயிட்டா. நான் வந்து சேரும்போது அடக்கம் முடிஞ்சிருச்சு. கையில துப்பாக்கியோட அங்கிட்டு நின்னேன், இங்க அவ தலைமாட்டுல ஒரு துண்டு இரும்பு வைக்க ஆளில்லைன்னு ஊரே சொன்னுச்சு. இன்னைக்கு வச்சேன் சார். என் மக பக்கத்துல இரும்பு இல்லைன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களே, அது மட்டும் வராது."

அவர் மனைவி இரத்தப்போக்கில் போயிருப்பார். ஒரு வண்டி இரும்பைக் கொட்டினாலும் அது நின்றிருக்காது. அதைச் சொல்ல எனக்குத் தெரியும், சொல்ல மனம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். ஞானராஜ் ஐயா சொன்னபடியே எழுதினார். ரிவால்வரைத் துணிப்பையில் போட்டு, தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வரலாமா கூடாதா என்ற கேள்வி அதோடு விட்டுப்போனது, இன்றுவரை யாருக்கும் பதில் தெரியாது.

நாங்கள் உள்ளே வந்தபோது ஜெனிஷா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் போல, முகமெல்லாம் ஈரம்.

"அப்பா, இப்ப என்னப்பா செய்வீங்க?"

"ஒண்ணுமில்ல ஆத்தா, படு."

அவர் சட்டையைத் தூக்கி, இடுப்பில் ரிவால்வர் உறையை மாட்டியிருந்த கம்பெனி பெல்ட்டை அவிழ்த்தார். கனமான இரும்பு பக்கிள். காலி உறையை உருவி எடுத்துவிட்டு, பெல்ட்டைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"டூட்டிக்கு பெல்ட் வேணாமா ஐயா?" என்று கேட்டேன்.

"இனிமே எதுக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.