அன்சாரின் இடப்பக்க இருக்கை

அழகப்பன் தன் பல் மருத்துவமனைக்கு நாற்காலி வாங்குவதைப் போலத்தான் வண்டியையும் வாங்கியிருக்கிறான் என்று அன்சார் சொன்னார். ஒரு பொத்தானை அழுத்தினால் சாயும், இன்னொன்றை அழுத்தினால் எழும், அதற்கு மேல் அதில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். கேட்டது மனைவி ஜெய்னம்புவிடம். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் துப்பட்டியை மடித்துக்கொண்டே, "அந்த நாற்காலியில உக்காந்தா இடுப்பு வலிக்காதுல்ல மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்சாருக்குக் கிள்ளானில் ஜவுளிக்கடை. அவருடைய தந்தை அகமதுவின் காலத்தில் வியாபாரம் கடைக்குள் மட்டும் நடக்கவில்லை. சேலையும் கைலியும் மூட்டை மூட்டையாக வேனில் ஏறி, கேரி தீவு, டெங்கில் பக்கத்துத் தோட்டங்களுக்கு வீட்டு வாசல் வரை போயின. மழைக்காலத்தில் செம்பனை வரிசைகளுக்கிடையே பாதை கரைந்து கூழாகக் கிடக்கும். வாலிபனாக இருந்த அன்சார் அந்தக் கூழில்தான் ஓட்டக் கற்றார். பின்னாளில் தோட்டத்து மக்கள் தாங்களே டவுனுக்கு வந்து துணி எடுக்கத் தொடங்கியதும் அந்தப் பயணம் நின்றது. சேற்றின் மேல் இருந்த ஆசை மட்டும் நிற்கவில்லை. அவர் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றை வாங்கினார். அதே கிறுக்குப் பிடித்த சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதைகளுக்குப் போகலானார். இடப்பக்க இருக்கையில் எப்போதும் ஜெய்னம்பு இருந்தாள். மகள் ஃபஹீமா ஷா ஆலமில் வேலைக்குச் சேரும்வரை பின்னிருக்கையில் இருந்தாள்.

அந்தப் பழைய வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. அதன் முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் ஹப் எனப்படும் குமிழ் இருக்கும். காட்டுக்குள் நுழையுமுன் ஒருவர் இறங்கி, இரண்டையும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டினால்தான் என்ஜினின் வலு முன்சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். பூட்டாவிட்டால் உள்ளே ஃபோர்வீல் லீவரை எத்தனை முறை இழுத்தாலும் பின்சக்கரங்கள் மட்டுமே உழைக்கும். திருமணமான புதிதில் ஒரு நாள் ஜெய்னம்பு விளையாட்டாக இறங்கிப் பூட்டினாள். அன்றிலிருந்து அது அவளுடைய வேலையாயிற்று. பாதை தொடங்கும் இடத்தில் அன்சார் பிரேக் போடுவார், அவள் இறங்குவாள், வலம், இடம், ஏறுவாள். ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

பேச்செல்லாம் திரும்பி வந்தபின் கிள்ளான் உணவுக்கடையில், தே தாரேக் தேநீர்க் கோப்பைகளைச் சுற்றித்தான். பயணக் கதையைச் சொல்வது அன்சார். திருத்துவது ஜெய்னம்பு. ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது என்பார். முழங்கால் அளவு என்பாள். புலியின் தடம் என்பார். யார் வீட்டு நாயோ என்பாள். நண்பர்கள் கதையைவிட அந்தத் திருத்தத்துக்காகவே காத்திருந்தார்கள். அன்சாருக்கும் அது தெரியும். திருத்துவதற்கு வசதியாகவே அவர் பொய்யைச் சற்றுப் பெரிதாக வைப்பார்.

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து அழகப்பன் அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தான், மனைவி மெய்யம்மையோடு. பணிவான பிள்ளைதான். "அன்சார் அண்ணே, சொல்லிக் குடுங்கண்ணே" என்று பின்னாலேயே சுற்றினான். ஆனால் அவன் வண்டியின் நெற்றியில் ஒரு கேமரா இருந்தது. தலைக்கு மேலே பறந்து படமெடுக்கும் இன்னொன்றும் இருந்தது. அதன் பிறகு கதை சொல்ல வேண்டிய தேவையே போயிற்று. கைப்பேசி மேசையைச் சுற்றி வந்தது. ஆறு எத்தனை ஆழம் என்று யாரும் கேட்கவில்லை, பார்த்தார்கள். ஜெய்னம்பு குடும்பக் குழுவில் பகிர்ந்த அந்தப் படங்களுக்கு ஃபஹீமாகூட இதயம் போட்டாள். தந்தை எழுதி அனுப்பியதற்குக் கட்டைவிரல் மட்டும்.

அதையும் அன்சார் பொறுத்திருப்பார். ஒரு ஞாயிறு, டெங்கில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், வழக்கம்போல் தண்ணீர் இடுப்பளவு என்று சொல்லி நிறுத்தினார். ஜெய்னம்பு மெய்யம்மையின் கைப்பேசியில் குனிந்திருந்தாள். திருத்தம் வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீர் அப்படியே நின்றது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அது இன்னும் எரிந்தது.

அடுத்த பயணம் டெங்கிலுக்கு அப்பால், தோட்டத்து விளிம்பில் ஏறும் களிமண் மேட்டுக்கு. மெய்யம்மைக்கு அந்த ஏற்றத்தை நினைத்தாலே நடுக்கம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். ஜெய்னம்பு கணவரைப் பார்த்தாள். அன்சார் போய்வரச் சொன்னார். தனக்குத் தனியாக ஓட்டத் தெரியாதா என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் தன் வண்டிக்கே திரும்பி வந்திருப்பாளோ என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

பாதை தொடங்கும் இடத்தில் எல்லாரும் சேற்றில் பிடிமானத்துக்காக டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். அன்சாரும் முன்சக்கரத்தின் அருகே குந்தினார். ஹப் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கண் அங்கே இல்லை, அழகப்பனின் வண்டியில் இருந்தது. அழகப்பன் ஏதோ பொத்தானை அழுத்தினான். ஜெய்னம்புவின் இருக்கை அவள் முதுகைப் பிடித்துவிடத் தொடங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் வண்டியில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அன்சார் யோசித்தார். யோசித்தபடியே ஏறி, கதவைச் சாத்தி, லீவரை இழுத்தார்.

முதல் வண்டி அவருடையது. அடுத்தது அழகப்பனுடையது. மேட்டை ஒரே மூச்சில் ஏறிக் காட்ட வேண்டும், ஜெய்னம்பு கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி முனகியது. பின்சக்கரங்கள் களிமண்ணை வாரி இறைத்துவிட்டுக் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன.

வாக்கி டாக்கியில் அழகப்பனின் குரல் வந்தது. "அண்ணே, ஃபோர்வீல் போட்டீங்களா?"

நேற்று வந்தவன் கேட்கிற கேள்வி. "போட்டாச்சு லா" என்றார் அன்சார். பொய்யில்லை; லீவர் இழுபட்டிருந்தது. கியர் பெட்டி போய்விட்டதோ என்று லீவரை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து வின்ச் கயிறு போட்டு இழுக்கட்டுமா என்று அழகப்பன் கேட்டான். அவன் வண்டியில் ஜெய்னம்பு உட்கார்ந்திருக்க, அவன் கயிற்றில் கட்டுண்டு, பின்பக்கமாக இறங்குவதை நினைத்துப் பார்த்தார். வேண்டாம் என்றார். மறுபடியும் மிதித்தார். வண்டி இன்னும் ஆழமாக இறங்கியது.

கண்ணாடியில் ஒரு கதவு திறந்தது. ஜெய்னம்பு ரப்பர் சப்பாத்தோடு சேற்றில் ஏறி வந்தாள். அவருடைய சன்னலுக்கு வரவில்லை. நேரே முன்சக்கரத்துக்குப் போய்க் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்ததும் அன்சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஹப் பூட்டலையா மச்சான்?" தணிந்த குரலில் கேட்டாள்.

"அது உன் வேலைதானே."

"நான் உங்க வண்டியில இருந்தாத்தானே என் வேலை."

அன்சார் லீவரைத் தளர்த்தினார். அவள் சேறு அப்பிய வலப்பக்கக் குமிழைத் திருப்பினாள். சுற்றிப் போய் இடப்பக்கத்துக் குமிழையும் திருப்பினாள். இதற்குள் அழகப்பன் வாக்கி டாக்கியில் என்னக்கா ஆச்சு என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாவற்றிலும் அந்தக் குரல் ஒலிக்கும். ஜெய்னம்பு சன்னல் வழியாகக் கையை நீட்டி வாக்கி டாக்கியை வாங்கினாள். அன்சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. முன் டயர்ல கொடி சுத்திக்கிச்சு. எடுத்தாச்சு."

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் மேட்டிலிருந்து இறங்கி அழகப்பனின் வண்டிக்கே போனாள். இடப்பக்க இருக்கை காலியாகவே இருந்தது. மெய்யம்மை காத்திருப்பாள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. லீவரை மறுபடி இழுத்து மிதித்ததும் வண்டி மேட்டில் வெண்ணெயாய் ஏறியது. பக்கத்திலிருந்து பார்த்து மகிழ ஆளில்லை.

மாலையில் உணவுக்கடையில் கதையை அழகப்பன் சொன்னான். அக்கா சேற்றில் இறங்கியதை, கொடியை இழுத்து அறுத்ததை, ஒரு சொல் மிகையில்லாமல் நம்பிச் சொன்னான். எல்லாரும் ஜெய்னம்புவைப் பாராட்டினார்கள். அவள் தலை குனிந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அன்சார் மேசையின் ஓரத்தில் இருந்தார். தன் வண்டி, தன் மனைவி, தன் சேறு. அத்தனையும் இன்னொருவன் வாயில். அவருடைய மானம் பத்திரமாக இருந்தது. அது அவருக்கு எதற்கும் உதவவில்லை.

"கொடியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் உரக்க. "ஹப் பூட்ட மறந்துட்டேன். பொண்டாட்டிய உன் வண்டியில பார்த்துக்கிட்டே ஏறிட்டேன்."

ஜெய்னம்பு நிமிர்ந்து முறைத்தாள். தன்னை ஊரறியப் பொய் சொல்ல வைத்துவிட்டு இப்போது இவருக்கு வாய் வந்துவிட்டதா என்கிற முறைப்பு. அன்சார் விடவில்லை. வண்டி எப்படி முனகியது, சக்கரம் எப்படிப் புதைந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். சேறு கதவு மட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லி, நிறுத்தினார்.

மேசை காத்திருந்தது. அவரும் காத்திருந்தார்.

"கதவாம்" என்றாள் ஜெய்னம்பு, கோப்பையைக் கீழே வைத்து. "பாதி டயர்கூட மூழ்கல. என் சப்பாத்தைக் கேட்டா சொல்லும்."

சிரிப்பு வெடித்தது. எல்லாரிலும் அதிகம் சிரித்தவன் அழகப்பன்தான். ஹப் பூட்டுவதைத் தானும் கற்றுக்கொள்ள வேண்டும், அடுத்த முறை அண்ணன் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறேன் என்றான்.

"அந்த சீட்டுக்கு ஆள் இருக்கு தம்பி" என்றார் அன்சார், சிரிக்காமல்.

"யாரு?" என்று கேட்டாள் ஜெய்னம்பு. "என்கிட்ட யாரும் இன்னும் கேக்கலையே."