களைப்புக்குப் பன்னிரண்டு கேள்விகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு 'அளவுகோல் அக்கா' என்று பெயர். இயக்குநர் அம்மாவே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். வலி, கவலை, தனிமை என்று தராசில் வைக்க முடியாத சங்கதிகளுக்கெல்லாம் கேள்விகள் எழுதி, பதில்களுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டி ஒரே எண்ணாக்கித் தருவது அவள் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக அதே மூன்றாம் மாடி, அதே ஆடும் நாற்காலி. வீட்டில் கணவரிடம் "பசிக்குதா?" என்று கேட்டால், "பூஜ்யத்திலிருந்து நாலுக்குள்ள சொல்லணுமா?" என்பார். முதல் பத்து வருடம் சிரித்தாள்.

இந்த முறை அளக்க வேண்டியது களைப்பு. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களின் களைப்பு. அறுபது கேள்வி எழுதி, இருநூறு பேரிடம் கேட்டுப் பார்த்து, சொன்னதையே சொல்லும் கேள்விகளையும் எல்லாரும் தலையாட்டும் கேள்விகளையும் தூக்கிப் போட்டு, பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண் வரை. மொத்தம் முப்பதைத் தொட்டால், வாரத்தில் மூன்று நாள் ஓர் உதவியாளரை நிலையமே வீட்டுக்கு அனுப்பும். பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

வியாழக்கிழமை காலை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசியாகப் படிவங்களைப் புரட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வயதான தையல்காரர் ஒருவர், மனைவிக்குப் பக்கவாதம். மூன்று கேள்விக்குப் பதில், மூன்றுக்கும் நான்கு நான்கு. மீதி ஒன்பது கட்டமும் காலி. மொத்தம் பன்னிரண்டு என்று போட்டு, தெம்பாக இருப்பவர்களின் வரிசையில் அவரை உட்கார வைத்திருந்தது கணினி.

படிவத்தை நிரப்பிய கணக்கெடுப்பாளரைக் கூப்பிட்டாள். "ஏன் பாதியில விட்டுட்டீங்க?"

"அவர் உக்காந்தபடியே தூங்கிட்டார்க்கா. எழுப்ப மனசு வரல."

காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லிவைத்தது அவளேதான். பதில் சொல்லக்கூடத் தெம்பில்லாதவரைத் தெம்பானவர் என்று சொல்லும் ஓர் அளவுகோலுக்கா ஆறு மாதம் தூக்கத்தைத் தொலைத்தோம்? இதே மாதிரி இன்னும் இரண்டு படிவங்கள் இருந்தன.

பூசி மெழுகாமல் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். "தப்பு என்னோடதும்மா."

"சொன்ன பதிலோட சராசரிய வெச்சு மீதியை நிரப்பிட முடியாதா?"

"பாதிக்கு மேல பதில் இருந்தா நிரப்பலாம். மூணை வெச்சுப் பன்னெண்டைச் சொன்னா அது குருட்டாம்போக்கு."

"சரி, இனிமே அப்படியே கணக்குப் பண்ணுங்க. இந்த மூணு பேரையும் மறுபடி கேளுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல என்கிட்ட வராதீங்க."

கணக்கெடுப்பாளர் இரண்டு வீட்டுக்குப் போனார். தையல்காரர் வீட்டுக்கு அவள் போனாள்.

ஒரே அறை. தையல் இயந்திரத்தின் மேல் மருந்துப் புட்டிகள். கட்டிலில் மனைவி, அவர் கண்ணை விட்டு அகலாத தூரத்தில்.

"மறுபடியும் முதல்லேருந்தாம்மா?" என்றார்.

"பத்து நிமிஷம்தான் ஐயா."

ஆறாவது கேள்வியில் அவர் தலை தொங்கிவிட்டது. அவளுக்கும் எழுப்ப மனசு வரவில்லை. கட்டிலில் இருந்த அம்மா உதட்டை அசைத்தபோது கரண்டியால் தண்ணீர் புகட்டினாள், தலையணையைச் சரி செய்தாள், ஈ விரட்டினாள். உட்காரக்கூட நேரமில்லை. தினமும் இதை இந்த மனிதர் எப்படிச் செய்கிறார் என்று மலைப்பாக இருந்தது.

மூன்று மணிக்குப் பக்கமாக அவர் திடுக்கிட்டு விழித்து, முதலில் கட்டிலைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்மா தூங்கினேன்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஐயா."

மீதிக் கேள்விகள் மளமளவென்று ஓடின. பதினொன்று முடிந்தபோது இருபத்தொன்பது. இன்னும் ஒன்றே ஒன்று வந்தால் போதும். கடைசிக் கேள்வி அவள் பெருமையடித்துக்கொள்ளும் கேள்வி: கடந்த ஏழு நாளில் ஒருமுறையாவது இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்ததா? இல்லை என்றால் நான்கு. ஆமாம் என்றால் பூஜ்யம்.

"கிடைச்சுதும்மா," என்றார் முகம் மலர. "இப்பதான். நீங்க இருந்தீங்களே."

"அதை விடுங்க ஐயா. அதுக்கு முன்னாடி?"

"இதுவும் அந்த ஏழு நாள்ல ஒண்ணுதானே? உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

அவளுக்கு அழுகை வந்தது. பூஜ்யம் போட்டால் இருபத்தொன்பதோடு போச்சு. கட்டத்தைத் தொடாமல் விட்டால், நேற்றைய புது விதிப்படி அல்லாமல் பழையபடி பூஜ்யம் விழாது; மற்ற பதினொன்றின் சராசரியை வைத்துக் கணினியே நிரப்பிக்கொள்ளும், முப்பத்தொன்றைத் தாண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒருவர் சொன்ன பதிலை அவள் மாற்றியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

"எழுதிட்டீங்களாம்மா?"

"எழுதிட்டேன் ஐயா," என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். கட்டம் காலியாகத்தான் இருந்தது.