இரண்டு மடிப்புச் சீட்டு

அப்பாவின் வேதப்புத்தகத்தைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறும். சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா, வீட்டில் எந்தப் பெரிய காரியத்தையும் தானாக முடிவு செய்ய மாட்டார். ஜெபம் பண்ணி, காலண்டர் தாளின் பின்புறம் இரண்டு சீட்டு எழுதி, அந்தப் புத்தகத்துக்குள் வைத்து, கடைக்குட்டியான என்னை எடுக்கச் சொல்லுவார். எனக்குத்தான் சூதுவாது தெரியாதாம்! நாங்கள் வீடு மாறியதும், பசு வாங்காமல் விட்டதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சித்தம் பாக்கது'.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அக்காவுக்காகச் சீட்டு எழுதினார். மதுரைக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதே வாரம் வாசுதேவநல்லூர் வாத்தியார் ஒருவர் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அக்காவுக்குப் படிக்கத்தான் ஆசை, ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. "ஏட்டி, கண்ண மூடிக்கிட்டு எடு, கர்த்தர் ஒன் கைய நடத்துவாரு" என்றாள் அம்மா. அப்பா எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ, படிப்புச் சீட்டை ஒரு மடிப்பும் கல்யாணச் சீட்டை இரண்டு மடிப்புமாக மடித்துவிட்டார். எனக்குத் தலை பின்னிவிடுவதும் சோறு பிசைந்து தருவதும் அக்காதான். வாசுதேவநல்லூர் என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலால் தடவி, தடிமனாக இருந்ததை எடுத்தேன். அப்பா பிரித்துப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று பத்திரிகையின் தலையில் அச்சடித்துக் கல்யாணம் நடந்தது. மூன்றாம் வருஷமே அத்தான் குடியில் விழுந்தார், வேலையும் போயிற்று. அக்கா பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள்.

எனக்குப் பதினான்கு வயதில், முதல் நற்கருணைக்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் எங்கள் சபை ஐயர் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்) தேவசித்தத்தில் மூன்று வகை உண்டு என்றார்: தேவன் தீர்மானித்தது, அது நடந்தே தீரும்; அவர் கட்டளையிட்டது, அதை மனுஷன் மீறலாம்; அவருக்குப் பிரியமில்லாவிட்டாலும் நடக்கட்டும் என்று விட்டுவிட்டது. "ஐயரே, ஒரு ஆளு தெரிஞ்சே சீட்ட எடுத்தா அது எதுல சேரும்?" என்று கேட்டேன். "யாரு எடுத்தா?" என்றார். "சும்மாதான் கேட்டேன் ஐயரே" என்று உட்கார்ந்துவிட்டேன். பயமோ அழுகையோ வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அப்பாவும் போய்விட்டார், அத்தானும் போய்விட்டார். எங்கள் சொந்தத்தில் இப்போது யாரும் சீட்டுப் போடுவதில்லை; பிள்ளைகள் செல்போனிலேயே போட்டோ பார்த்து, பேசி, முடிவு செய்துவிடுகிறார்கள். போன மாதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அக்கா வீட்டுக்குப் போனேன். நான் ஆரம்பிக்குமுன் அவளே அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தாள். "அப்பா முடிவு பண்ணிருந்தா அவங்கள ஏசிக்கிட்டே கெடந்து செத்திருப்பேன்ட்டி. இது கர்த்தர் எடுத்துக் குடுத்ததுல்லா, அதான் தாங்குதேன்" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.