கறுப்பு வெள்ளை வரைபடம்

லெனர்ட் எக்கர்ஸ்லி பூந்தொட்டியில் ஒன்றுக்கு இருந்தவன். ஹாக்ஷா ஊரில் முன்பெல்லாம் அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கம்பள ஆலையில் முப்பத்தோரு வருடம் தறிகளுக்கு எண்ணெய் போட்டவன் என்பதோ, தாயைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவன் என்பதோ ஒருவர் வாயிலும் வராது. தொட்டியும் லேசுப்பட்டதில்லை. ஊர்களுக்கு இடையிலான பூ அலங்காரப் போட்டிக்காகப் பெண்கள் சங்கம் வைத்தது. நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது.

ஆலை மூடிய பிறகு அவனும் அவன் கூட்டாளி டெஸ்மண்ட் ஃபேர்க்ளஃபும் மருந்துக்கடைக்கு எதிரே இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். காலை பத்து மணிக்கே சைடர் என்கிற ஆப்பிள் மதுவின் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். மதியத்துக்குள் பாட்டு, பாட்டு முடிந்தால் வசவு, அதுவும் சலித்தால் போகிற வருகிறவர்களிடம் சிகரெட் பிச்சை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் பெண்கள் எதிர்ச்சாரிக்குப் போனார்கள் என்றால் அதில் நியாயம் இருந்தது. இவர்களுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

நீதிமன்றம் லென்னுக்கு இரண்டு வருடத் தடையுத்தரவு போட்டது. பொது இடத்தில் டெஸ்மண்டோடு சேர்ந்து காணப்படக் கூடாது. இணைப்பு வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குள் அடங்கிய பகுதியில் காலடி வைக்கக் கூடாது. மீறினால் சிறை. அன்றைக்கென்று பார்த்து அலுவலக அச்சு இயந்திரத்தில் கலர் மை தீர்ந்திருந்தது. லென் கையில் கொடுத்த தாளில் தெருக்களும் கோடும் ஒரே கறுப்பாக இருந்தன.

“இதுல செவப்பு எங்கங்க?” என்று கேட்டான்.

அவனுடைய வக்கீல் அதற்குள் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்திருந்தார். “நடு ஊருதான். அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்காதீங்க, போதும்” என்றார்.

டெஸ் அந்த நடு ஊரில்தான் தன் அக்கா மார்லீன் வீட்டில் இருந்தான். நகராட்சி கொடுத்த புகார்த் தாள்களில் பதினொன்றை நிரப்பி அனுப்பியவள் அந்த மார்லீன்தான். தம்பியைக் குடிகாரனாக்கியது லென் என்பது அவள் முடிவு. அது பாதி உண்மை. லென்னுக்கு முதல் டப்பாவைத் திறந்து நீட்டியவன் டெஸ் என்ற மறுபாதியை அவள் எந்தத் தாளிலும் எழுதவில்லை. ஆனால் வழக்கில் சம்பந்தப்பட்டவள் என்று அவளுக்கு வரைபடத்தின் நகல் ஒன்று தபாலில் போயிற்று. அது கலரில் இருந்தது.

லென் ஊருக்கு வெளியே ஒற்றை அறையில் அடைந்து கிடந்தான். ஏழு மாதம் டெஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் பஸ் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னான்: “ஒங்க ஆளு போயிட்டானே, தெரியாதா? ஈரல் வெந்துபோச்சாம். வியாழக்கெழம பதினொரு மணிக்குப் பொதைக்கறாங்க.”

மாதா கோயிலும் கல்லறையும் கோட்டுக்குள்ளே இருந்தன. சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று லென்னுக்கு ஆசை. மறுநாளே முகம் மழித்துக்கொண்டு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

“உத்தரவ மாத்தித் தரலாம் கண்ணு. மனு குடுங்க, ஜட்ஜுங்க பாக்கணும். மார்ச் பதினாலு தேதி போடட்டுமா?”

“வியாழக்கெழம பொதைக்கறாங்கம்மா.”

“அதுக்கு நான் என்ன கண்ணு பண்றது? பதினாலுதான் இருக்கு.”

தோள் கொடுக்கிற ஆசையை அங்கேயே விட்டான். தூரத்திலிருந்தாவது வழியனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் சவ வண்டி நேரே கல்லறைக்குப் போகாது. போனவர் உலாவிய தெருக்களைச் சுற்றிக்கொண்டுதான் போகும், ஜனங்கள் நடைபாதையில் நின்று பார்ப்பார்கள். கோட்டுக்கு வெளியே எங்காவது ஓர் ஓரமாக அந்த வண்டி வந்தால் போதும் என்று நினைத்து, மானத்தை விட்டு மார்லீனுக்குப் போன் செய்தான்.

அவள் கத்தவில்லை. “குடிச்சிட்டு வருவியா?” என்றாள்.

“சத்தியமா மாட்டேன்.”

“அப்ப தபாலாபீஸ் வாசல்ல நில்லு. அந்த வழியா கொண்டாரச் சொல்றேன். மெதுவாப் போகச் சொல்றேன்.”

“அது கோட்டுக்கு வெளியதானா மார்லீன்? என் தாள்ல ஒண்ணும் தெரியல.”

“வெளியதான். எங்கிட்ட கலர்ல இருக்குல்ல.”

போனை வைத்துவிட்டு லென் அழுதான். அந்தப் பொம்பளையை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுதான் அழுதான்.

வியாழக்கிழமை ஒரு சொட்டு குடிக்கவில்லை. கறுப்பு டை கட்டி, ஆலைக்காலத்துக் கம்பளித் தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்தரைக்கே தபாலாபீஸ் வாசலில் நின்றான். பத்து நாற்பதுக்குப் போலீஸ் வண்டி வந்தது. இறங்கிய கான்ஸ்டபிள் ஸ்டாட் கையில் ஒரு தாள் இருந்தது.

“காலையிலயே போன் வந்துருச்சு லென். நீங்க இங்க வந்து நிப்பீங்கன்னு.”

“இது வெளியதானேங்க?”

ஸ்டாட் தாளைக் காட்டினான். கோடு ரத்தச் சிவப்பில் பளிச்சென்று இருந்தது. தபாலாபீஸை உள்ளே அடைத்துக்கொண்டு ஒரு தெரு தாண்டி ஓடியது. லென் அதையே வெறித்துப் பார்த்தான். யார் போன் செய்தது என்று அவன் கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கொடுக்கச் சொன்னபோது கொடுத்தான். விலங்கு விழுந்த சமயத்தில் சவ வண்டி தெருமுனையில் திரும்பியது.

மெதுவாகத்தான் வந்தது. அந்த ஒரு வாக்கை மார்லீன் காப்பாற்றினாள். வண்டிக்கு முன்னால், அடக்கத்தை நடத்தும் காரியக்காரர் நெட்டைத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்தார். தெருவில் நின்ற ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஹாக்ஷாவில் வைரிகூட இறந்தவனுக்கு அதைச் செய்யாமல் இருக்கமாட்டான்.

“ஐயா, என் தொப்பிய எடுத்துவிடுங்க” என்றான் லென்.

“அதெல்லாம் ஸ்டேஷன்ல எடுப்பாங்க.”

“ஒரு நிமிசம்யா. அவன் போறான்யா.”

“தலையக் குனிங்க, வண்டில ஏறுங்க.”

லென் குனியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் உதறிப் பார்த்தான், தொப்பி இறுகப் பிடித்துக்கொண்டது. பெட்டி அவனுக்கு இரண்டு கஜத்தில் கடந்து போனது. பின்னால் வந்த காரில் மார்லீன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீதிமன்றத்தில் அவன் போன் விஷயத்தைச் சொன்னான். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றாள் அவள். பத்து வாரம் கொடுத்தார்கள். மனுவை விசாரிக்க வேண்டிய மார்ச் பதினாலாம் தேதி அவன் சிறையில் இருந்தான், ஆளில்லாததால் தள்ளுபடி ஆயிற்று.

புதைத்த அன்றே, மதுக்கடை மாடியில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் தேநீருமாக ஊர் கூடியிருந்தபோது மார்லீன் சொன்னாளாம்: “அவனப் புடிச்சதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா எந் தம்பி கடந்து போறப்போ எல்லாரும் பாத்தீங்கல்ல. தொப்பியக் கழட்டக்கூட அவனுக்கு மனசு வரல.”

இப்போது ஹாக்ஷாவில் லென்னைப் பற்றிக் கேட்டால் பூந்தொட்டிக் கதையை யாரும் எடுப்பதில்லை.